மிகுமிடமும் மிகாவிடமும்

வல்லொற்று மிகுமிடங்களையும் மிகாவிடங்களையும் முப்பது ஆண்டுகளாக மாணவர்க்குக் கற்பித்து வருபவன் யான். எனினும், மிகுதியால் விளையும் கேட்டை எனக்கு நன்குணர்த்தியது இலக்கணமன்று; தந்தையார் விட்டுச்சென்ற பழைய உழவு இயந்திரமே.

அது பெற்றோலில் இயங்கும் பேர்குசன். 1946 முதல் 1956 வரை இங்கிலாந்தின் கொவென்றி நகரில் ஆக்கப்பெற்ற ரி.ஈ. 20 வகையைச் சார்ந்தது. சென்ற புரட்டாதியில், காலபோக விதைப்புக்கு வயலைப் பண்படுத்தும் வேளையில், அதன் காபரேற்றரிலிருந்து பெற்றோல் ஒழுகத் தொடங்கிற்று. இயந்திரம் கரும்புகை கக்கி நின்றுவிட்டது. பெருமழைக்கு முன் விதைக்கத் தவறின் அப்போகத்து விளைவே ஐயம். அன்றியும், 2022இல் எரிபொருளுக்காக வரிசையில் காத்துக் கிடந்த எமக்கு, மண்ணில் சொட்டிய ஒவ்வொரு துளியும் நெஞ்சைச் சுட்டது.

காபரேற்றரின் கிண்ணத்தினுள்ளே பித்தளை மிதவை ஒன்று உண்டு. பெற்றோல் நிறைய நிறைய அது மேலெழுந்து, ஓர் ஊசியைத் தள்ளி, பெற்றோல் வரும் வழியை அடைக்கும். அளவு குறையின் வழி திறக்கும். ‘போதும்’ என்று சொல்வது மிதவையின் கடன். அது சொல்லத் தவறினால், தாங்கி மேலே இருத்தலின், பெற்றோல் தானே வழிந்துகொண்டிருக்கும்.

குற்றம் ஊசியிலென்றே யான் துணிந்தேன். தூசு தங்கியிருக்குமெனக் கழுவினேன். பின்னர்ப் புதிய ஊசியும் வாங்கிப் பூட்டினேன். ஒழுக்கு நிற்கவில்லை, இரண்டு நாட்கள் வீணாயின. ஈற்றில், என்னிடம் படித்து இன்று கராஜ் நடத்தும் ஒருவரை அழைத்தேன். சந்திப் பிழைகளுக்காக என்னாற் பலகாற் கண்டிக்கப்பட்டவர் அவர்.

வந்தவர் காற்றை அடைக்கும் சோக் இறுகியிருக்கிறதா என முதலிற் பார்த்தார். பின் பெற்றோற் குழாயைப் பூட்டி, கிண்ணத்தைக் கழற்றி, மிதவையை என் கையில் தந்தார்.

“ஐயா, காதுக்குக் கிட்டப் பிடிச்சு ஆட்டிப் பாருங்கோ.”

உள்ளே நீர்மம் தளும்பும் ஓசை கேட்டது. மிதக்க வேண்டியது பெற்றோலைக் குடித்து அமிழ்ந்திருந்தது!

அடுப்பிலிருந்து அப்பாற் கொணர்ந்த சுடுநீரில் மிதவையை அமிழ்த்தினார். பொருத்தின் ஓரத்திற் குமிழிகள் எழுந்தன, ஊசிமுனையளவு துளை. உள்ளிருந்த பெற்றோலை முற்றாக வெளியேற்றி, மணமும் அகன்றபின் ஈயம் வைத்தார். “தம்பி, இன்னும் கொஞ்சம் வையுமேன்” என்றேன்.

“கூட வைச்சா மிதவை பாரமாகிப் போகும் ஐயா. பிறகு பழையபடி வழியும்.”

திருத்துதற்கும் மிகாவிடம் உண்டு போலும்! அவருடைய கொப்பிகளில் யான் கொட்டிய சிவப்பு மை அப்பொழுது என் நினைவுக்கு வந்தது.

மழைக்கு முன் விதைப்பு நிறைவேறியது. அன்றிரவு மாணவர் கட்டுரைகளைத் திருத்த அமர்ந்தவன், பேனாவைத் திறக்குமுன் சற்றுநேரம் வாளாவிருந்தேன்.