மின்சார காருக்கு வீட்டில் சார்ஜர்: எதைப் பார்த்து வாங்குவது?

மின்சார கார் வாங்கிய வீட்டில் சுவரில் மாட்டப்படும் பெட்டியை எல்லோரும் சார்ஜர் என்கிறார்கள். ஆனால், வீட்டுக்கு வரும் ஏசி மின்சாரத்தை பேட்டரிக்கு ஏற்ற டிசியாக மாற்றும் கருவி காருக்குள்ளேயே இருக்கிறது. அதற்கு ஆன்போர்டு சார்ஜர் என்று பெயர். சுவரில் இருக்கும் பெட்டிக்கு இரண்டு வேலைகள்தான்: மின்சாரத்தைப் பத்திரமாகத் திறந்து மூடுவது, எவ்வளவு எடுத்துக்கொள்ளலாம் என்று காருக்குச் சொல்வது. இந்த இரண்டாவது வேலையைச் சூழ்நிலை பார்த்துச் செய்யும் பெட்டிதான் ஸ்மார்ட் சார்ஜர்.

அது சொல்லும் விதம் எளிமையானது. கேபிளுக்குள் கன்ட்ரோல் பைலட் என்ற மெல்லிய ஒயர் ஒன்று தனியாக ஓடுகிறது. காரில் பிளக்கைச் செருகியதும் அந்த ஒயரில் 12 வோல்ட்டாக இருந்தது 9 வோல்ட்டாக இறங்கும். கார் வந்துவிட்டது என்பதைப் பெட்டி அதிலிருந்து தெரிந்துகொள்ளும். உடனே வினாடிக்கு 1,000 முறை துடிக்கும் ஒரு சிக்னலை அனுப்பும். துடிப்பின் அகலம் சுமார் 27 சதவீதம் என்றால் 16 ஆம்பியர் வரை எடுக்கலாம். 53 சதவீதம் என்றால் 32 ஆம்பியர். கார் தயாரானதும் 9 வோல்ட் 6 ஆகிறது, பெட்டிக்குள் 'டக்' என்று கான்டாக்டர் விழும் சத்தம் கேட்கிறது. அதுவரை பிளக்கின் பின்களில் மின்சாரமே வராது. சார்ஜ் ஆகிக்கொண்டிருக்கும்போதும் இந்தத் துடிப்பின் அகலத்தை மாற்றலாம். நேரம், வீட்டு லோடு, மாடியில் அடிக்கும் வெயில் ஆகியவற்றைக் கணக்கில் கொண்டு அதைக் கூட்டிக் குறைப்பதுதான் விளம்பரங்களில் சொல்லப்படும் 'ஸ்மார்ட்' வசதிகள் அனைத்துக்கும் அடிப்படை.

ஆகவே, முதலில் பார்க்க வேண்டியது காரின் விவரக் குறிப்பை. 2020 ஜனவரியில் வந்த முதல் டாடா நெக்ஸான் இவியின் ஆன்போர்டு சார்ஜர் 3.3 கிலோவாட். இப்போது விற்கும் பல கார்களில் 7.2 கிலோவாட். ஹூண்டாய் கிரெட்டா எலெக்ட்ரிக் 11 கிலோவாட் வரை ஏற்கும். 7.2 கிலோவாட் காருக்கு 22 கிலோவாட் பெட்டியை மாட்டினாலும் ஏறுவது 7.2தான். பெரிய பெட்டி வேகமாக ஏற்றும் என்று நம்பிக் கூடுதல் பணம் கொடுக்கத் தேவையில்லை.

அடுத்தது, அன்றாடத் தேவை. நகரத்துக்குள் ஒரு நாளைக்கு 40 கிலோமீட்டர் ஓடும் காரை எடுத்துக்கொள்வோம். யூனிட்டுக்குச் சுமார் 6 கிலோமீட்டர் என்றால் 7 யூனிட். சார்ஜ் ஆகும்போது வீணாவதையும் சேர்த்தால் 7.5 யூனிட். 3.3 கிலோவாட்டில் இதை ஏற்ற இரண்டரை மணி நேரம்கூட ஆகாது. இரவு முழுக்க வீட்டில் நிற்கும் காருக்கு இது தாராளம். தினசரி ஓட்டம் குறைவாக இருந்து, கார் ஒன்றே ஒன்றுதான் என்றால், சுவரில் மாட்டும் பெட்டியே (வால்பாக்ஸ்) இல்லாமல் காருடன் வரும் 15 ஆம்பியர் கேபிளை வைத்தே சமாளிக்கலாம். ஆனால், கீசருக்கோ ஏசிக்கோ போட்ட பழைய பிளக் பாயின்ட்டில் அதைச் செருகக் கூடாது. 14 ஆம்பியரைப் பல மணி நேரம் விடாமல் இழுக்கும்போது, தளர்ந்துபோன பின் சூடேறி சாக்கெட் கருகும். தனி ஒயர் இழுத்து, தனி எம்சிபி போட்டு, நீல நிற இண்டஸ்ட்ரியல் சாக்கெட் பொருத்துவது சில ஆயிரங்களில் முடிகிற வேலை.

பேட்டரி பெரிதாக இருந்தாலோ, வீட்டில் இரண்டு கார்கள் இருந்தாலோ கணக்கு மாறும். மஹிந்திராவின் எக்ஸ்இவி 9இ காரில் 79 கிலோவாட் அவர் பேட்டரி உண்டு. காலியான நிலையிலிருந்து அதை 3.3 கிலோவாட்டில் நிரப்ப ஒரு முழு நாள் போய்விடும். 7.2 கிலோவாட்டில் ஓர் இரவிலேயே ஏறக்குறைய நிரம்பிவிடும். டாக்சி ஓட்டுபவர்களுக்கும், அடிக்கடி வெளியூர் போய்விட்டு மறுநாள் காலையிலேயே கிளம்ப வேண்டியவர்களுக்கும் 7.2 கிலோவாட் வால்பாக்ஸ் வீண் செலவல்ல.

வீட்டு இணைப்பு அதைத் தாங்குமா என்பதில்தான் பலர் சிக்குகிறார்கள். 7.2 கிலோவாட் என்பது ஒரே ஃபேஸில் ஏறக்குறைய 32 ஆம்பியர். தமிழ்நாட்டில் சிங்கிள் ஃபேஸ் இணைப்பு 4 கிலோவாட் லோடு வரைக்கும்தான். அதற்கு மேல் என்றால் மூன்று ஃபேஸ் இணைப்பு வேண்டும். ஏற்கெனவே மூன்று ஃபேஸ் உள்ள வீடுகளிலும் அனுமதிக்கப்பட்ட லோடு எவ்வளவு என்று பார்த்து, போதாவிட்டால் மின்வாரியப் பிரிவு அலுவலகத்தில் விண்ணப்பித்துக் கூட்டிக்கொள்ள வேண்டும். வீட்டில் ஏற்கெனவே இருக்கும் இணைப்பிலேயே சொந்த வாகனத்தைச் சார்ஜ் செய்துகொள்ளலாம் என்று மத்திய மின்துறை அமைச்சகத்தின் 2022 ஜனவரி வழிகாட்டுதல் சொன்னது. அனுமதி உண்டு என்பதற்காக, அனுமதித்த லோடைத் தாண்டி இழுக்கலாம் என்று அர்த்தமாகாது.

தமிழ்நாட்டு வீடுகளில் பரவலாக இருக்கும் ஃபேஸ் மாற்றும் சுவிட்சும் இங்கே கவனிக்க வேண்டிய ஒன்று. ஒரு ஃபேஸ் போய்விட்டால் அதில் இருக்கும் லைட், ஃபேன், ஃபிரிட்ஜை இன்னொரு ஃபேஸுக்குத் திருப்பி விடுவது வழக்கம். 32 ஆம்பியர் ஓடிக்கொண்டிருக்கும் ஃபேஸின் மேல் வீட்டின் மற்ற லோடும் வந்து விழுந்தால், மெயினில் எம்சிபி விழுந்தால் அதிர்ஷ்டம். விழாமல் பழைய ஒயர் சூடானால் ஆபத்து. சார்ஜருக்கான ஒயரை இந்தச் சுவிட்சுக்கு முன்னாலேயே தனியாகப் பிரித்து எடுக்க வேண்டும். இன்வெர்ட்டர் லைனில் அதைத் தப்பித் தவறியும் கொடுக்கக் கூடாது.

இந்த இடத்தில்தான் ஸ்மார்ட் சார்ஜர் தன் விலைக்குரிய வேலையைச் செய்கிறது. லோடு பேலன்சிங் என்ற வசதி உள்ள பெட்டியோடு சிறிய வளையம் ஒன்று வரும். மீட்டரை அடுத்து வரும் மெயின் ஒயரைச் சுற்றி அதை மாட்டிவிட்டால், வீடு மொத்தமாக எத்தனை ஆம்பியர் இழுக்கிறது என்பது சார்ஜருக்குத் தெரிந்துகொண்டே இருக்கும். ஃபேஸ் ஒன்றுக்கு 40 ஆம்பியர் மெயின் உள்ள வீட்டில் ஒரு மாலை நேரம். ஒன்றரை டன் ஏசி 7 ஆம்பியர், கீசர் 9, மோட்டார் 5 என்று 21 ஆம்பியர் ஏற்கெனவே ஓடுகிறது. சாதாரண சார்ஜர் அதன் மேல் 32 ஆம்பியரை இழுக்கும்; 53 ஆகி மெயின் விழும். லோடு பேலன்சிங் உள்ள சார்ஜர் காரை 19 ஆம்பியரில் நிறுத்தி வைக்கும். அதிலும் 4.3 கிலோவாட் ஏறிக்கொண்டுதான் இருக்கும். கீசரும் மோட்டாரும் நின்றதும் தானாகவே 32க்குத் திரும்பும். ஸ்மார்ட் வசதிகளில் ஒன்றே ஒன்றுக்குத்தான் பணம் கொடுக்க முடியும் என்றால், இதற்குக் கொடுக்கலாம்.

நேரம் குறித்து வைக்கும் வசதியைப் பற்றி அப்படிச் சொல்ல முடியாது. அந்த வசதிக்கு வெளிநாட்டில் மதிப்பு அதிகம். பிரிட்டனில் 2022 ஜூன் 30 முதல், வீடுகளுக்கு விற்கும் சார்ஜர்கள் ஸ்மார்ட்டாக இருக்க வேண்டும் என்பது சட்டம். வார நாட்களில் காலை 8 முதல் 11 வரையும் மாலை 4 முதல் இரவு 10 வரையும் சார்ஜ் செய்யாதபடி நேரம் குறித்தே அவை வர வேண்டும். உரிமையாளர் விரும்பினால் மாற்றிக்கொள்ளலாம். லட்சக்கணக்கான கார்கள் ஒரே நொடியில் மின்சாரம் இழுத்தால் மின்தொகுப்பு தடுமாறும் என்பதால், சில நிமிடங்கள் முன்பின்னாகத் தொடங்கும் ஏற்பாடும் அதில் உண்டு. அங்கே நள்ளிரவு மின்சாரம் மலிவு என்பதால் வாங்கியவருக்கும் லாபம்.

தமிழ்நாட்டு வீட்டு பில்லோ இரண்டு மாதத்துக்கு ஒருமுறை, மொத்த யூனிட்டைப் பார்த்து ஸ்லாப் முறையில் போடப்படுகிறது. அந்த முறை இருக்கும்வரை நள்ளிரவில் ஏற்றினாலும் நண்பகலில் ஏற்றினாலும் கட்டணம் ஒன்றுதான். முன்னே சொன்ன 40 கிலோமீட்டர் கார் இரண்டு மாதத்தில் 450 யூனிட் வாங்கும். வீட்டுச் செலவோடு சேர்ந்து அது 500ஐத் தாண்டினால், கீழ் ஸ்லாபுகளின் சலுகையும் குறைந்துவிடும். காருக்கு யூனிட் என்ன விலை என்று கணக்குப் போடும்போது, இப்படி மேல் ஸ்லாபில் விழும் விலையைத்தான் பார்க்க வேண்டும். எதிர்காலம் வேறாக இருக்கலாம். 2023இல் மத்திய அரசு கொண்டுவந்த நுகர்வோர் விதித் திருத்தம், ஸ்மார்ட் மீட்டர் வந்த பிறகு வெயில் இருக்கும் பகல் நேரத்தில் கட்டணம் குறைவாகவும், உச்ச நேரத்தில் கூடுதலாகவும் இருக்க வேண்டும் என்கிறது. பிரிட்டனில் இரவு மலிவு என்றால் இந்தியாவில் பகல் மலிவாகப் போகிறது. ஆகவே, நேரத்தை வீட்டுக்காரரே தன் விருப்பப்படி மாற்றிக்கொள்ளக்கூடிய சார்ஜராக இருக்கட்டும். அந்த வசதி பெரும்பாலான கார்களின் ஆப்பிலேயே கிடைக்கிறது. ஆனால், காரில் ஒரு நேரமும் சார்ஜரில் வேறொரு நேரமும் குறித்து வைத்தால் இரண்டும் ஒத்துப்போகாமல், விடிந்து பார்க்கும்போது பேட்டரி ஏறியே இருக்காது. ஏதாவது ஓரிடத்தில் மட்டும் குறித்தால் போதும்.

மாடியில் சோலார் வைத்திருப்பவர்களுக்கு, மிச்சமாகும் மின்சாரத்தை மட்டும் காருக்கு அனுப்பும் சார்ஜர்கள் உண்டு. கன்ட்ரோல் பைலட் வழியே காருடன் பேசும் முறைக்கான தர விதிப்படி 6 ஆம்பியருக்குக் கீழே சார்ஜ் செய்ய முடியாது. அதாவது சிங்கிள் ஃபேஸில் குறைந்தது 1.4 கிலோவாட் மிச்சம் இருக்க வேண்டும். 2 கிலோவாட் பேனல் வைத்த வீட்டில், மற்ற செலவு போக அவ்வளவு மிஞ்சுவது அபூர்வம். 5 கிலோவாட் வைத்து, பகலில் காரும் வீட்டில் நிற்கும் என்றால் இந்த வசதி பயன்படும்.

இனி மென்பொருள். ஸ்மார்ட் சார்ஜரின் ஆயுள் அதைச் செய்த கம்பெனியின் ஆயுளைச் சார்ந்தது. அமெரிக்காவில் ஜூஸ்பாக்ஸ் சார்ஜர்களை விற்றுவந்த எனெல் எக்ஸ் வே நிறுவனம், 2024 அக்டோபரில் அந்தத் தொழிலிலிருந்து விலகப்போவதாகச் சில நாள் அவகாசத்தில் அறிவித்தது. வீடுகளில் இருந்த பெட்டிகள் காருக்கு மின்சாரம் கொடுப்பதை நிறுத்தவில்லை. ஆனால் ஆப் வழியே கிடைத்த வசதிகளுக்கு ஆதரவு இல்லாமல் போனது. இதற்கான காப்பு ஓசிபிபி என்ற பொது மொழி. இந்த மொழி தெரிந்த சார்ஜரை, கம்பெனி கைவிட்டாலும் வேறொரு சேவையோடு இணைக்க வழி இருக்கும். வாங்கும்போது ஓசிபிபி 1.6 அல்லது அதற்கு மேற்பட்ட பதிப்பு உண்டா, வேறு சேவைக்கு மாற்றும் அனுமதி வாங்கியவருக்கு இருக்கிறதா என்று இரண்டையும் கேட்க வேண்டும். இன்டர்நெட் இல்லாதபோதும் செருகியதும் சார்ஜ் ஆக வேண்டும், புளூடூத் வழியே கட்டுப்படுத்தவும் முடிய வேண்டும். அடுக்குமாடி வீடுகளின் கீழ்த்தள பார்க்கிங்கில் வைஃபை எட்டாது. சிம் கார்டு போடும் சார்ஜருக்கும் அங்கே சிக்னல் இருக்கிறதா என்று முதலில் போனை வைத்துப் பார்த்துவிடலாம்.

அடுக்குமாடியில் வேறு சிக்கலும் உண்டு. தன் வீட்டு மீட்டரிலிருந்து பார்க்கிங் வரை ஒயர் இழுக்க, சங்கத்தின் சம்மதமும் பாதையும் வேண்டும். பொது மீட்டரிலிருந்து எடுத்தால் சப்-மீட்டரும் யார் எவ்வளவு எடுத்தார் என்ற கணக்கும் வேண்டும். ஆர்எஃப்ஐடி அட்டை காட்டினால் மட்டுமே திறக்கும் பெட்டி அங்கே அவசியம். தனி வீட்டில் அது தேவையே இல்லை.

பாதுகாப்பில் முதலிடம் எர்த்துக்கு. எர்த் சரியில்லை என்றால் நல்ல சார்ஜர் வேலை செய்யாது. 'சார்ஜர் கெட்டுப்போச்சு' என்று வரும் புகார்களில் இப்படி எர்த் குறையாக இருப்பவையும் உண்டு. உப்பும் கரியும் போட்ட பழைய எர்த் குழி கோடையில் காய்ந்துவிடும். அதற்குத் தண்ணீர் ஊற்றிப் பராமரிக்க வேண்டும், அல்லது சார்ஜருக்கென்று தனி எர்த் போட வேண்டும். அடுத்தது ஆர்சிசிபி. 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே மின்சாரத்தைத் துண்டித்து உயிரைக் காப்பது அது. காரின் உள்ளேயிருந்து டிசி கசிவு வந்தால், வீடுகளில் சாதாரணமாகப் போடும் ஏசி வகை ஆர்சிசிபி மந்தமாகி, ஆபத்து நேரத்தில் விழாமல் போகலாம். அதனால் சார்ஜருக்குள்ளேயே 6 மில்லி ஆம்பியர் டிசி கசிவைக் கண்டுபிடிக்கும் பாதுகாப்பு இருக்க வேண்டும்; அதற்கு முன்னால் ஏ வகை ஆர்சிசிபி போட வேண்டும். இந்த விவரம் விளம்பரத்தில் இருக்காது, விவரக் குறிப்பின் கடைசிப் பக்கத்தில் இருக்கும். தேடிப் பார்ப்பது நல்லது.

32 ஆம்பியருக்கு 40 ஆம்பியர் எம்சிபியும், குறைந்தது 6 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயரும் வேண்டும். மீட்டரிலிருந்து கார் நிற்கும் இடம் தூரம் என்றால் 10 சதுர மில்லிமீட்டர். வடகிழக்குப் பருவமழையின் இடிமின்னலுக்கு எஸ்பிடி எனப்படும் சர்ஜ் பாதுகாப்பும் தேவை. தூசு, நீர் காப்பைக் குறிக்கும் ஐபி எண்ணையும் பார்க்க வேண்டும்: மழைச் சாரல் படும் போர்ட்டிகோவுக்கு ஐபி54க்குக் குறையாத பெட்டி; திறந்த வெளிக்கு ஐபி65. சென்னை போன்ற ஊர்களில் 2015லும் 2023லும் தெருவில் நின்ற வெள்ள மட்டத்தை நினைவில் வைத்து, அதற்கு மேலே பெட்டியை மாட்ட வேண்டும். ஏஐஎஸ்-138 அல்லது ஐஎஸ் 17017 தரச் சான்று இல்லாத மலிவுப் பெட்டியை எந்த விலைக்கும் வாங்க வேண்டாம்.

பெட்டியை மாட்டியவுடன் எலெக்ட்ரீஷியனை அனுப்பிவிடக் கூடாது. ஒரு மணி நேரம் முழு 32 ஆம்பியரில் காரை ஏற்றவிட்டு, எம்சிபியும் ஒயர் முனைகளும் சூடாகின்றனவா என்று அவரையே பார்க்கச் சொல்லுங்கள். ஒரு மாதம் கழித்து, மெயினை அணைத்துவிட்டு, திருகுகளை மறுபடி முறுக்கச் சொல்லுங்கள். ஆர்சிசிபியில் 'டெஸ்ட்' என்று எழுதிய சின்ன பட்டன் இருக்கும். அதை மாதம் ஒருமுறை அழுத்திப் பாருங்கள். விழவில்லை என்றால், அதை மாற்றும்வரை காரை அந்த லைனில் செருக வேண்டாம்.