கடைவீதிக்கு வந்த பசுக்களும் யானைகளும்

கோயில் திருவிழா, விளையாட்டுப் போட்டி, அன்னதானம் என்று ஆண்டு முழுவதும் நன்கொடைப் புத்தகம் நம் கடை வாசலுக்கு வருகிறது. முடிந்ததைக் கொடுக்கிறோம். கொடுத்த பணம் யாருக்கு எவ்வளவு போய்ச் சேர்ந்தது என்ற கணக்கு பெரும்பாலும் நமக்குத் திரும்பி வருவதில்லை. தருமத்தோடு வியாபாரத்துக்கும் பயன் தரும் ஒரு முறை வெளிநாடுகளில் உண்டு. அதைத் தொடங்கியவர்கள் வணிகர்களே என்பதால் அன்பர்களுக்கு எடுத்துச் சொல்கிறோம்.

ஸ்விட்சர்லாந்தின் ஜூரிச் நகரில் 1998ஆம் ஆண்டு அவ்வூர் வணிகர் சங்கம், முழு உருவப் பசுச் சிலைகளுக்கு ஓவியர்களைக் கொண்டு வண்ணம் தீட்டி வீதிகளில் நிறுத்தியது. வேடிக்கை பார்க்கக் கூட்டம் திரண்டது. இதை நேரில் கண்ட பீட்டர் ஹேனிக் என்ற அமெரிக்கக் காலணி வியாபாரி, மாநகராட்சியின் துணையோடு 1999இல் சிகாகோவிலும் நடத்திக் காட்டினார். 300க்கும் மேற்பட்ட பசுக்கள் நின்றன. கடைகளும் நிறுவனங்களும் செலவை ஏற்றன. காட்சி முடிந்ததும் பல பசுக்கள் ஏலம் விடப்பட்டு, சுமார் 35 லட்சம் டாலர் தரும காரியங்களுக்குச் சேர்ந்தது.

நம் மாநிலத்திலும் இதே வழியில் ஒரு முயற்சி உண்டு. அழகுக்காக வெள்ளையர் கொண்டுவந்த உண்ணிச்செடி இன்று காடுகளை மூடி, விலங்குகளுக்கான புல்லை வளரவிடாமல் செய்கிறது. நீலகிரி மாவட்டம் கூடலூர்ப் பகுதிப் பழங்குடியினர் அதன் தண்டுகளை வெட்டி, வேகவைத்து, தோலுரித்து, இரும்புக் கம்பிச் சட்டத்தில் வளைத்துக் கட்டி ஆளுயர யானைகளைச் செய்கின்றனர். இவை 2021இல் லண்டன் பூங்காக்களிலும், 2024இல் அமெரிக்க நகரங்களிலும் நின்றன. விற்ற பணம் செய்தவர்களுக்கு வருமானமாகவும், மனிதரும் விலங்கும் இணங்கி வாழ உதவும் பணிகளுக்கு நிதியாகவும் பயன்படுகிறது.

இங்கே வணிகர் கண் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 2007இல் நெதர்லாந்தில் தொடங்கி 2018இல் இந்தியாவுக்கும் வந்த ‘எலிஃபண்ட் பரேட்’ அமைப்பு, நிகர லாபத்தில் 20 சதவீதம் யானைப் பாதுகாப்புக்கு என்று அறிவித்தது. விற்பனை விலையில் 20 சதவீதம் வேறு, நிகர லாபத்தில் 20 சதவீதம் வேறு. 10,000 ரூபாய்க்கு விற்ற சிலையில் செலவு போக 2,000 ரூபாய் மிஞ்சினால், தருமத்துக்குச் சேருவது 400 ரூபாய்தான். முன்கூட்டியே சொல்லிவிட்டால் இதில் குற்றமில்லை. கேட்டுத் தெரிந்துகொள்வது கொடுப்பவர் கடமை.

தாம்பரம் சண்முகம் சாலையிலோ குரோம்பேட்டையிலோ நாளை இப்படி ஒரு திட்டம் வந்தால், மூன்று கேள்விகளைக் கேட்போம். சிலைக்குச் செலவு யாருடையது? ஏலத் தொகையில் எத்தனை பங்கு, எந்த நிறுவனத்துக்கு? வரவு செலவுக் கணக்கு எந்தத் தேதிக்குள் சங்கப் பலகையில் ஒட்டப்படும்? நடைபாதையை அடைக்காமல் நிறுத்த மாநகராட்சியின் அனுமதியும் வேண்டும். இவற்றுக்கு நேரான பதில் கிடைத்தால், கல்லாவைத் தயங்காமல் திறக்கலாம்.