வலைப்பயிற்சிக்குப் பின் இரண்டு டக்

வயது 21. இடது கை பேட்ஸ்மேன். சராசரி 36. கணினித் திரையில் கவுண்டி அணி ஒன்றை நடத்திக்கொண்டிருக்கும் மேனேஜர், அந்தப் பையனை பேட்டிங் பயிற்சியாளரிடம் ஒப்படைக்கிறார். விளையாட்டுக்குள் ஒரு மாதம் ஓடுகிறது. அடுத்த ஆட்டத்தின் முதல் இன்னிங்ஸில் பையன் டக் அவுட். இரண்டாவதிலும் டக். மேனேஜருக்குக் கை துறுதுறுக்கிறது. பயிற்சியை மாற்றலாமா? பயிற்சியாளரையே மாற்றிவிடலாமா?

கிரிக்கெட் மேனேஜ்மென்ட் கேம்களில் விசையைத் தட்டி சிக்சர் அடிக்கும் வேலை கிடையாது. 1998இல் வெளிவந்த ‘இன்டர்நேஷனல் கிரிக்கெட் கேப்டன்’ போன்றவற்றில், ஆடுபவர் அணியைத் தேர்ந்தெடுப்பார், ஃபீல்டர்களை நிறுத்துவார், யாரிடம் பந்தைக் கொடுப்பது என்று முடிவெடுப்பார். ஆட்டமில்லாத நாட்களில் யாருக்கு என்ன பயிற்சி என்பதும் அவர் பொறுப்பு. பந்தைப் போடுவதும் அடிப்பதும் கணினியின் வேலை.

கணினி அதை எப்படிச் செய்கிறது? ஒவ்வொரு வீரருக்கும் உள்ளே சில எண்கள் இருக்கும். வேகப்பந்தை ஆடும் திறன் ஒரு எண், சுழலை ஆடும் திறன் இன்னொன்று, உடல் தகுதி மற்றொன்று. பந்துவீச்சாளரின் எண்கள், ஆடுகளத்தின் தன்மை, பேட்ஸ்மேன் எவ்வளவு துணிந்து ஆடுகிறார் என்பதையெல்லாம் கணக்கிட்டு, இந்தப் பந்தில் அவுட்டாக இவ்வளவு வாய்ப்பு, நான்கு ரன் போக இவ்வளவு வாய்ப்பு என்று நிரல் ஒரு பட்டியல் போடும். பிறகு தற்செயல் எண் ஒன்றை எடுக்கும். தாயக்கட்டையை உருட்டுவது மாதிரிதான். நான்கு முகங்களுக்குப் பதிலாக ஆயிரக்கணக்கான முகங்கள், அவ்வளவே. பயிற்சியாளர் செய்வதெல்லாம் அந்தக் கட்டையின் ஓரத்தை லேசாக இழைப்பது. கட்டையை உருட்டும் கை அவருடையது அல்ல.

எவ்வளவு இழைக்க முடியும் என்பதற்கும் கட்டுப்பாடு உண்டு. 19 வயதுக்காரரின் எண் மளமளவென்று ஏறும். 30ஐத் தாண்டியவருக்கு இருப்பதைக் காப்பாற்றுவதே பெரும்பாடு. பல கேம்களில் கண்ணுக்குத் தெரியாத உச்சவரம்பும் உண்டு. கால்பந்து உலகின் ‘ஃபுட்பால் மேனேஜர்’ ஒவ்வொரு வீரருக்கும் இப்போதைய திறன், எட்டக்கூடிய திறன் என இரண்டு மதிப்புகளை 200 வரையான அளவுகோலில் ஒளித்து வைத்திருக்கிறது. 1997இல் ஸ்வீடனில் தொடங்கிய ‘ஹாட்ரிக்’ இணைய விளையாட்டில் திறன்கள் எண்களாக அல்லாமல் சொற்களாகத் தெரியும். ‘சுமார்’ என்ற படியிலிருந்து அடுத்த படிக்குப் போகப் பல வாரங்கள் ஆகலாம். இடையில் தசமப் புள்ளிகள் ஏறிக்கொண்டிருக்கும். திரையில் ஒரு மாற்றமும் தெரியாது. அதன் கிரிக்கெட் தம்பி என்று சொல்லத்தக்க ‘பேட்ரிக்’கும் அதே பாணியில் உருவானதுதான்.

படிகள் ஏற ஏற ஏற்றம் மெதுவாவது நிரல் எழுதியவரின் கஞ்சத்தனம் அல்ல. பிரிட்டிஷ் ஆய்வாளர் கிராஸ்மன் 1959இல் சுருட்டு தயாரிக்கும் பெண் தொழிலாளர்களின் வேகத்தை ஆராய்ந்தார். புதிதாக வந்தவர்களின் வேகம் சட்டென்று கூடியது. அனுபவசாலிகளின் வேகமும் கூடிக்கொண்டேதான் இருந்தது, ஆனால் துளித்துளியாக. லட்சக்கணக்கான சுருட்டுகளுக்குப் பிறகும் அந்த முன்னேற்றத்தை அளக்க முடிந்தது. கைத்தொழில், தட்டச்சு என்று பல திறன்களில் இதே வளைகோடு தென்பட்டிருக்கிறது.

இப்போது அந்த இரண்டு டக்குகளுக்கு வருவோம்.

கிரிக்கெட் ஸ்கோர்கள் எப்படிச் சிதறிக் கிடக்கின்றன என்று ஜி.எச்.வுட் 1945இல் ஆராய்ந்து கட்டுரை எழுதினார். எந்த ரன்னில் நின்றாலும் அவுட்டாகும் வாய்ப்பு ஏறத்தாழ ஒன்றே என்று வைத்துக்கொண்டால், ஸ்கோர்கள் பெருக்குத்தொடர் வடிவில் குறைந்துகொண்டே போகும். நிஜத்தில், கண் பழகுவதற்கு முன்பே அவுட்டாகிறவர்கள் இந்தக் கணக்கு சொல்வதைவிட அதிகம். ஆனாலும் தோராயத்துக்கு இது போதும்.

பையனுக்குப் பயிற்சி பலித்து, அவனுடைய உண்மையான சராசரி 36லிருந்து 40 ஆகிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். பெரிய முன்னேற்றம்தான். பழைய பையன் 100 இன்னிங்ஸில் சுமார் 24 முறை ஒற்றை இலக்கத்தில் அவுட்டாவான். புதிய பையன் 22 முறை. ஒரு சீசனில் 20 இன்னிங்ஸ் ஆடினால், கிடைக்கும் சராசரி அதிர்ஷ்டத்தால் மட்டுமே 9 ரன் மேலேயோ கீழேயோ நகர்வது சாதாரணம். 4 ரன் முன்னேற்றம் 9 ரன் அலைக்குள் முங்கிப்போகிறது. பயிற்சி பலித்த வருடத்திலேயே சராசரி 33 என்று முடியலாம்.

இந்த இடத்தில் சறுக்குவது கேம் ஆடுபவர்கள் மட்டுமல்ல. உளவியலாளர் டேனியல் கானிமன் இஸ்ரேலிய விமானப்படைப் பயிற்றுநர்களிடம் பேசியபோது, பாராட்டினால் மாணவன் அடுத்த முறை சொதப்புகிறான், திட்டினால் திருந்துகிறான் என்று அனுபவம் மிக்க ஒருவர் அடித்துச் சொன்னார். மிக நன்றாகச் செய்த ஒரு முயற்சிக்கு அடுத்தது வழக்கமான தரத்துக்கு இறங்குவதும், மிக மோசமான ஒன்றுக்கு அடுத்தது மேலே ஏறுவதும் இயல்பு என்பதைக் கானிமன் அங்கே கண்டுகொண்டார். திட்டு வாங்கியதற்கும் அதற்கும் தொடர்பே இருக்க வேண்டியதில்லை. இரண்டு டக்குக்குப் பிறகு பயிற்சியாளரை மாற்றி, அடுத்த ஆட்டத்தில் பையன் 50 அடித்தால், பெருமை யாருக்குப் போகும் என்று சொல்லத் தேவையில்லை.

கேம்கள் பெரும்பாலும் தொடாத ஒரு விஷயமும் உண்டு: பயிற்சியை எந்த வரிசையில் கொடுப்பது? 1994இல் வெளியான பேஸ்பால் ஆய்வு ஒன்றில், 30 கல்லூரி வீரர்களில் ஒரு குழு ஒரே வகைப் பந்தை 15 முறை ஆடிவிட்டு அடுத்த வகைக்குப் போனது. இன்னொரு குழுவுக்கு மூன்று வகைகளும் கலந்து வந்தன. கூடுதல் பயிற்சி இல்லாத குழுவும் ஒன்று இருந்தது. ஆறு வாரம் கழித்து, கலந்து ஆடியவர்களின் முன்னேற்றம் 57 சதவீதம், வகை வகையாக ஆடியவர்களுடையது 25 சதவீதம். பந்துவீசும் இயந்திரத்தின் முன்னால் ஒரே கவர் டிரைவை நாற்பது முறை அடிப்பவர் யோசிக்க வேண்டிய கணக்கு இது. ‘பேட்டிங் பயிற்சி’ என்ற ஒற்றைப் பொத்தானில் இந்த வித்தியாசத்துக்கு இடமில்லை.

ஆனால் நிஜப் பயிற்சியாளருக்கு வாய்க்காத ஒரு வசதி கேமில் இருக்கிறது: சேமிப்புக் கோப்பு. பயிற்சிக்கு முந்தைய நாளில் ஆட்டத்தைச் சேமித்துவிட்டு, பயிற்சி கொடுத்து ஒரு சீசன், மறுபடி அதே நாளுக்குத் திரும்பிப் பயிற்சி இல்லாமல் ஒரு சீசன் என்று ஓட்டிப் பார்க்கலாம். இரண்டு பக்கமும் ஐம்பது ஐம்பது சீசன்கள். பக்கத்துக்கு 1,000 இன்னிங்ஸ். இப்போது அலையின் உயரம் 9 ரன்னிலிருந்து ஒன்றேகால் ரன்னாகச் சுருங்கிவிடும். பயிற்சி இல்லாத பக்கம் 36ஐ ஒட்டி ஒரு சராசரி, பயிற்சி கொடுத்த பக்கம் 40ஐ ஒட்டி இன்னொன்று. வேலையைவிட்டு அனுப்பலாமா என்று மேனேஜர் யோசித்த அந்த பேட்டிங் பயிற்சியாளர் என்ன செய்தார் என்பது அப்போதுதான் திரையில் தெரியும்.