மூக்கணாங்கயிறு இல்லாத கரடிகள்

பெங்களூருக்குச் செல்லும் தமிழ்க் குடும்பங்களின் சுற்றுலாத் திட்டத்தில் லால்பாக், விதான சௌதா ஆகியவற்றுக்கு அடுத்தபடியாகப் பன்னர்கட்டா உயிரியல் பூங்கா இடம்பெறுவது வழக்கம். நகரிலிருந்து ஏறத்தாழ 22 கி.மீ. தொலைவிலுள்ள அப்பூங்காவில், கம்பி வலையிட்ட பேருந்தில் அமர்ந்து சிங்கத்தையும் புலியையும் கண்டு களித்துத் திரும்புகிறோம். அங்கேயே அமைந்துள்ள கரடிகள் மீட்பு மையத்தைப் பற்றி அறிந்தவர்கள் குறைவு. கர்நாடக வனத்துறையின் ஒத்துழைப்புடன் 'வைல்ட்லைஃப் எஸ்ஓஎஸ்' என்னும் அமைப்பு 2005 ஆம் ஆண்டில் அதைத் தொடங்கியது. அங்கு வாழும் தேன் கரடிகளுள் பல, ஒரு காலத்தில் நம் தெருக்களில் ஆடியவை.

ஐம்பது வயதைக் கடந்த வாசகர்கள் அக்காட்சியை மறந்திருக்க மாட்டார்கள். உடுக்கையொலி கேட்டவுடன் தெருவே திரளும். பயந்த குழந்தையைக் கரடியின் முதுகில் அமர்த்தினால் பயம் தெளியும் என்று பெரியவர்கள் நம்பினார்கள். கரடி முடி வைத்த தாயத்துக்குக் காசு கொடுத்தார்கள். அந்தக் கரடி எப்படி ஆடக் கற்றது என்று நாம் எவரும் கேட்டதில்லை. தாய்க் கரடியைக் கொன்று குட்டியைப் பிடிப்பார்கள், காய்ச்சிய இரும்பு ஊசியால் அதன் மூக்குத்தண்டைத் துளைத்துக் கயிறு கோப்பார்கள், பற்களை உடைப்பார்கள். கயிற்றை இழுத்தால் வலி. வலியைத் தவிர்க்கக் கரடி எழுந்து நிற்கும். அதைத்தான் நாம் நடனம் என்று கண்டோம்.

1972 ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்த பின்னரும் வித்தை தொடர்ந்தது. கரடி, குரங்கு, புலி, சிறுத்தை, சிங்கம் ஆகியவற்றைப் பழக்கிக் காட்சிப்படுத்துவதை மத்திய அரசு 1998 இல் தடை செய்தது. உச்ச நீதிமன்றம் 2001 இல் அத்தடையை உறுதிப்படுத்தியது. ஆயினும், தலைமுறை தலைமுறையாகக் கரடியை நம்பியே வாழ்ந்த கலந்தர் சமூகத்தாரின் அடுத்த வேளை உணவுக்குச் சட்டம் என்ன வழி சொல்லும்? மீட்புப் பணியாளர்கள் இந்தக் கேள்வியைத் தவிர்க்கவில்லை. கரடியை ஒப்படைத்து, இனி அத்தொழிலுக்குத் திரும்புவதில்லை என எழுதிக் கொடுத்தோருக்கு மாற்றுத் தொழில் தொடங்கச் சிறு முதல் அளிக்கப்பட்டது. அதைக் கொண்டு சிலர் ஆட்டோ ஓட்டினர். சிலர் சிறுகடை வைத்தனர். பெண்களுக்குக் கைத்தொழில் பயிற்சியும் பிள்ளைகளுக்குக் கல்வி உதவியும் கிடைத்தன. சரியான நேரத்தில் கைக்கு வரும் சிறு முதலின் வலிமை வங்கியோடு தொடர்புடைய நமக்குப் புதிதன்று. ஆனால் அது ஒரு காட்டு விலங்கின் மூக்குக் கயிற்றையும் அவிழ்க்கும் என்பது எனக்குப் புதிதாக இருந்தது. நாடெங்கும் 600-க்கும் மேற்பட்ட கரடிகள் இவ்வாறு மீண்டன. கடைசி வித்தைக் கரடி என அறிவிக்கப்பட்ட 'ராஜு' 2009 டிசம்பரில் பன்னர்கட்டாவை வந்தடைந்தது.

தேன் கரடி வியப்பூட்டும் உடலமைப்பு உடையது. அதற்கு மேல்தாடையின் நடு முன்பற்கள் இரண்டும் இல்லை. நீண்ட நகங்களால் கறையான் புற்றைப் பிளந்து, மண்ணை ஊதித் தள்ளி, மூக்குத் துளைகளை மூடிக்கொண்டு, அப்பல்லிடைவெளி வழியே கறையானை உறிஞ்சும். அந்த ஓசை நூறு மீட்டருக்கு அப்பாலும் கேட்கும். தாய் தன் குட்டிகளை முதுகில் சுமந்து திரியும். மீட்கப்பட்ட கரடி காட்டுக்குத் திரும்பி இவ்வாறு வாழ இயலாது; பல்லும் போயிற்று, தாயிடம் கற்க வேண்டிய பாடமும் போயிற்று. எனவே மையத்தில் கஞ்சியும் பழங்களும் தருகிறார்கள். மரக்கட்டைத் துளைகளில் தேனைத் தடவி வைத்து, அதைத் தேடியெடுக்கும் வேலையையும் தருகிறார்கள்.

இவற்றைக் காண விரும்புவோர் முதலில் ஒன்றை மனத்தில் கொள்ள வேண்டும். மீட்பு மையம் நினைத்தபோது நுழையும் இடமன்று. முன்கூட்டியே அனுமதி பெற வேண்டும். அது கிடைக்காதவர்கள் பூங்காவின் சஃபாரிப் பேருந்திலேயே கரடிகளைக் காணலாம். எவ்வாறாயினும், நெருங்கிச் செல்ல முடியவில்லையே என்ற ஏக்கத்தை வீட்டிலேயே விட்டுவிட்டுப் புறப்படுவது நல்லது. அந்த நெருக்கத்தால்தான் அவை துன்புற்றன. கயிற்றுப் புண்ணோடு நோயும் சேர்ந்து வந்தது. மீட்கப்பட்ட கரடிகள் பலவற்றுக்குக் காசநோய் இருந்தது. மனிதரோடு ஒட்டி வாழ்ந்ததன் விளைவு அது.

இந்த அச்சம் மிகையன்று. சென்னை வண்டலூர் உயிரியல் பூங்காவில் 2021 ஜூனில் சிங்கங்களைக் கரோனா தொற்றியது. நீலா, பத்மநாதன் என்னும் இரு சிங்கங்கள் இறந்தன. உடலமைப்பில் நமக்கு மிக நெருங்கிய சிம்பன்சிகளுக்கு ஆபத்து இன்னும் அதிகம். உகாண்டாவின் கிபாலே காட்டில் 2013 இல், மனிதருக்குச் சாதாரணச் சளியை உண்டாக்கும் ஒரு வகை வைரஸ் பரவி, 56 சிம்பன்சிகள் கொண்ட கூட்டத்தில் ஐந்து மடிந்தன. நமக்கு இரண்டு நாள் மூக்கு ஒழுகுவதோடு தீர்ந்துவிடும் தொல்லை அது. அதே நாட்டில் விக்டோரியா ஏரியிலுள்ள இங்காம்பா தீவுச் சரணாலயம் 1998 முதல் அநாதைச் சிம்பன்சிகளைப் பேணி வருகிறது. அவற்றை நெருங்க விரும்பியோரிடம் அங்கே தடுப்பூசிச் சான்றுகளைக் கேட்டார்கள்.

ஆகவே சளி, காய்ச்சல் உள்ளவர்கள் பயணத்தை ஒத்திவைப்பதே முறை. ரயில் முன்பதிவுக் கட்டணம் போனால் போகட்டும். பளிச்சிடும் உடையும் மணத்தைலமும் வேண்டா. கரடிக்குப் பார்வை மந்தம், மோப்பம் கூர்மை. தின்பண்டம் எடுத்துச் செல்லாதீர்கள். காட்சிச்சாலை விலங்குகளுக்கு உணவூட்டுவதும் அவற்றைச் சீண்டுவதும் சட்டப்படி குற்றம். கைப்பேசியின் ஒளிப்பொறியை அணைத்து வையுங்கள். கிருமிநாசினித் தொட்டியில் காலணியை நனைத்துவரச் சொன்னால் முகம் சுளிக்காமல் நனையுங்கள். நடுப்பகலில் கரடி பெரும்பாலும் உறங்கும்; காலை நேரமே ஏற்றது. கரடி வெளியே வராமலும் போகலாம் என்பதைக் குழந்தைகளிடம் கிளம்பும் முன்பே சொல்லி வையுங்கள். வரவழைத்துக் காட்டும் காலம் முடிந்துவிட்டது என்று சொன்னால் அவர்களுக்குப் புரியும். பெரியவர்களுக்குத்தான் சற்று நேரம் பிடிக்கும்.

இன்னொன்று. சில கரடிகள் நின்ற இடத்திலேயே தலையை இடமும் வலமும் அசைத்துக்கொண்டிருக்கும். "அதோ, ஆடுகிறது!" என்று யாரேனும் கைதட்டக்கூடும். அது ஆட்டமன்று. கயிறு போய்ப் பல ஆண்டுகள் ஆன பின்னரும் அகலாத பழைய நடுக்கம் அது. அருகில் குழந்தைகள் இருந்தால் மெல்லிய குரலில் விளக்குங்கள்; கரடிக்கும் இரைச்சல் ஆகாது.

பூங்காவுக்குச் செவ்வாய்க்கிழமை விடுமுறை. வாரத்தில் அந்த ஒரு நாள் விலங்குகளுக்கு நம்மிடமிருந்து கிடைக்கும் ஓய்வு என்பதால், அதற்கேற்பப் பயணத்தை அமைத்துக்கொள்ளுங்கள்.