சுடச்சுட ஒரு சைக்கிள் பயிற்சி!

லண்டனில் 2012ல் ஒலிம்பிக் போட்டி நடந்தபோது, பிரிட்டன் நாட்டு சைக்கிள் வீரர்கள் ஒரு விசித்திரமான கால்சட்டை அணிந்து உட்கார்ந்திருந்தனர். பேட்டரியில் இயங்கி, தொடையைச் சூடாகவே வைத்திருக்கும் கால்சட்டை அது! இத்தனைக்கும், பந்தயம் நடந்த உள்ளரங்கை ஏற்கெனவே 28 டிகிரி செல்ஷியஸ் அளவுக்குச் சூடாக்கி வைத்திருந்தனர். நாமெல்லாம் மின்விசிறிக்குக் கீழே இடம் பிடிக்கச் சண்டை போடுகிறோம்; இவர்களுக்கு ஏன் இந்த வேலை என்று தோன்றுகிறதா, குட்டீஸ்?

அவர்கள் ஓட்டுவது, 'ஸ்பிரின்ட்' எனப்படும் குறுந்தூர அதிவேகப் பந்தயம். பாரிஸ் ஒலிம்பிக்கில், 2024ல் நெதர்லாந்து வீரர் ஹாரி லாவ்ரைசன் 200 மீட்டர் தூரத்தை 9.088 விநாடியில் கடந்தார். மணிக்கு 79 கி.மீ., வேகம்! அந்த சைக்கிளில் பிரேக்கே கிடையாது என்பது தெரியுமா?

இவ்வளவு குறைந்த நேரப் பந்தயத்துக்கு வெப்பம் நல்ல நண்பன். சூடான தசை, வேகமாகச் சுருங்கி விரியும். காற்றும் உதவுகிறது. அதன் வெப்பம் 10 டிகிரி கூடினால், அடர்த்தி சுமார் 3 சதவீதம் குறையும். எதிர்த்துத் தள்ளும் காற்று லேசாகிவிட்டால், சைக்கிள் சுலபமாகக் கிழித்துக்கொண்டு போகுமே!

ஆனால், பயிற்சி என்பது 10 விநாடியில் முடிகிற சமாச்சாரமா? திரும்பத் திரும்ப ஓட்ட வேண்டும். மிதிக்கும்போது தசை செலவழிக்கும் ஆற்றலில், கால் பங்குதான் சைக்கிளை ஓட்டுகிறது. மீதி எல்லாம் வெப்பமாகிவிடுகிறது. அந்த வெப்பத்தை வெளியேற்ற, ரத்தம் தோலுக்குப் போக வேண்டும். 'எனக்கும் ரத்தம் வேண்டும்' என்று தசையும் கேட்கும். பாவம் இதயம்... இருவருக்கும் அனுப்ப, படபடவென்று துடிக்கும். உடம்பு மிகவும் சூடாகிவிட்டால், மூளையே தசைக்குக் கொடுக்கும் கட்டளையைக் குறைத்துவிடும். முதல் ஓட்டத்தில் பறந்தவர், பத்தாவது ஓட்டத்தில் தள்ளாடுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

இங்கேதான் உடம்பு தன் சாமர்த்தியத்தைக் காட்டுகிறது. தினமும் கொஞ்ச நேரம் வெப்பத்தில் பயிற்சி செய்தால், சில நாட்களிலேயே ரத்தத்தின் நீர்ப்பகுதி கூடுகிறது. சிறுநீரகம், உப்பையும் நீரையும் வீணாக்காமல் பிடித்து வைப்பதால் வரும் மாற்றம் இது. ரத்தம் கூடியதால், அதே வேலைக்கு இதயம் முன்பைவிடக் குறைவாகத் துடித்தால் போதும்.

அடுத்தது, வியர்வை. மண்பானைத் தண்ணீர் ஏன் ஜில்லென்று இருக்கிறது? பானையில் கசியும் நீர், ஆவியாகும்போது வெப்பத்தை எடுத்துச் செல்வதால்தானே! வியர்வையும் அதே வேலையைத்தான் செய்கிறது. வெப்பத்துக்குப் பழகிய உடம்பு, பயிற்சி தொடங்கிய சிறிது நேரத்திலேயே வியர்க்கும், நிறைய வியர்க்கும். ஆனால், அந்த வியர்வையில் உப்பு குறைவு. வெளியேறும் வழியிலேயே, உப்பின் ஒரு பகுதியை வியர்வைச் சுரப்பி திரும்ப உறிஞ்சிக்கொள்கிறது! எல்லா மாற்றங்களும் முழுமையாக, ஏறக்குறைய இரண்டு வாரம் ஆகும்.

உடனே, மே மாத நடுப்பகலில் சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடாதீர்கள்! பெரியவர்களைவிட உங்களுக்கு வியர்வை குறைவாகவே சுரக்கும். வெப்பத்துக்குப் பழகவும் அதிக நாட்கள் வேண்டும். அந்த வீரர்களுக்குப் பக்கத்தில் பயிற்சியாளரும் மருத்துவரும் இருக்கின்றனர். வெயிலில் விளையாடும்போது தலைவலி, தலைசுற்றல், வாந்தி வந்தால், அப்போதே நிறுத்திவிட்டு நிழலுக்குப் போய், பெரியவர்களிடம் சொல்லுங்கள். தண்ணீர் குடித்து, உடம்பையும் ஈரத்துணியால் துடைக்க வேண்டும். கூட விளையாடும் நண்பன் சம்பந்தமில்லாமல் உளறினாலோ, மயங்கி விழுந்தாலோ அது வெப்பத் தாக்காக இருக்கலாம். அவன் வாயில் எதையும் ஊற்றாமல், உடம்பில் தண்ணீர் ஊற்றிக் குளிரச் செய்ய வேண்டும். பெரியவர்களை அழைத்து 108க்கு உடனே போன் செய்யச் சொல்லுங்கள்.

இன்னொரு வேடிக்கை... பாடுபட்டுப் பழகிய உடம்பு, குளிர்ந்த இடத்துக்குத் திரும்பிச் சில வாரம் ஆனால், எல்லாவற்றையும் மறந்துவிடும். அதனால்தான் குளிர்நாட்டு வீரர்கள், வெப்பமான ஊரில் நடக்கும் போட்டிக்குக் கிளம்பும் முன், சூடேற்றிய அறைக்குள் சைக்கிளை நிறுத்தி, வியர்க்க விறுவிறுக்க மிதிக்கின்றனர்.