நெட் வேகம் குறைவா? இரைச்சலைக் கவனியுங்கள்!

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் என்னிடம் அடிக்கடி கேட்பது, "நெட் ஸ்லோவாக இருக்கிறது, பெரிய பிளானுக்கு மாறட்டுமா?" என்பதுதான். சென்ற மாதம் என் பெரியப்பாவும் இதையே கேட்டார். வெளியூரில் இருக்கும் மகளுடன் வீடியோவில் பேசும்போது படம் அப்படியே நின்றுவிடுகிறதாம். 100 எம்பிபிஎஸ் பிளானை 300 ஆக்கப் பணத்துடன் தயாராக இருந்தார்.

"கொஞ்சம் பொறுங்க பெரியப்பா" என்றேன். கல்லூரியில் நான் அரியர் வைத்த ரேண்டம் சிக்னல் பாடம் அன்றுதான் கைகொடுத்தது.

இரைச்சல் என்றால் என்ன?

எந்த மின்சுற்றிலும் எலெக்ட்ரான்கள் வெப்பத்தால் ஓயாமல் அசைந்துகொண்டே இருக்கும். இதனால் எழும் தாறுமாறான சிறு மின்னழுத்தமே இரைச்சல். அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் ஜான்சன் இதை அளந்தார். ஹாரி நைக்விஸ்ட் இதற்கான சூத்திரத்தைத் தந்தார். இருவரின் கட்டுரைகளும் 1928-ல் வெளிவந்தன.

தாறுமாறானதற்குக் கணக்கு எப்படி?

ஒரு நாணயத்தைச் சுண்டினால் பூவா தலையா என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. ஆனால் 100 முறை சுண்டினால் தலை பெரும்பாலும் 40-க்கும் 60-க்கும் இடையில்தான் விழும். 10,000 முறை சுண்டினால் 4,900-க்கும் 5,100-க்கும் இடையில் விழும். எண்ணிக்கை கூடக்கூட விகிதம் பாதியை நெருங்கும். இரைச்சலும் அப்படித்தான். அடுத்த நொடி அது எவ்வளவு இருக்கும் என்று தெரியாது. ஆனால் அதன் சராசரி சக்தியைக் கணக்கிட்டுவிடலாம். அறை வெப்பநிலையில் 20 மெகாஹெர்ட்ஸ் அகல வை-பை சேனலில் அது சுமார் -101 டிபிஎம். கருவியின் சுற்றுகள் சேர்க்கும் இரைச்சலையும் கூட்டி -95 என்று வைத்துக்கொள்வோம்.

இதனால் வேகம் எப்படிக் குறைகிறது?

சிக்னல் இரைச்சலைவிட எத்தனை மடங்கு பெரியது என்பதே முக்கியம். ஒவ்வொரு 10 டெசிபல் வித்தியாசத்துக்கும் 10 மடங்கு. 1948-ல் கிளாட் ஷானன், இந்த விகிதத்தையும் சேனலின் அகலத்தையும் கொண்டு, பிழையின்றி அனுப்பக்கூடிய உச்ச வேகத்தைக் கணக்கிட்டுக் காட்டினார். அந்த உச்சத்தை எந்தக் கருவியாலும் தாண்ட முடியாது.

பெரியப்பா கம்ப்யூட்டர் வைத்திருந்த அறையில், மொபைலில் வை-பை அனலைசர் மென்பொருள் கொண்டு பார்த்தேன். சிக்னல் -85. அதாவது இரைச்சலைவிட 10 மடங்குதான் அதிகம். ஒரே ஆன்டெனா வழியாக என்றால் உச்சமே சுமார் 69 எம்பிபிஎஸ். நடைமுறையில் இன்னும் குறையும். இதில் 300 பிளான் வாங்கி என்ன பயன்?

செய்ய வேண்டியவை

1. ரூட்டர் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். பெரியப்பா வீட்டில் அது இரும்பு பீரோவுக்குப் பின்னால் இருந்தது!

2. அதை வீட்டின் நடுவில், உயரமான இடத்தில் வையுங்கள்.

3. மைக்ரோவேவ் அடுப்பின் அருகில் வைக்காதீர்கள். 2.4 கிகாஹெர்ட்ஸ் வை-பைக்கு அது இடைஞ்சல் தரும்.

4. கம்ப்யூட்டர் இருக்கும் இடத்தில் சிக்னலை மீண்டும் அளந்து பாருங்கள்.

ரூட்டரை ஹால் ஷெல்புக்கு மாற்றியதும் சிக்னல் -65 ஆனது. இப்போது 1,000 மடங்கு. உச்சம் சுமார் 199 எம்பிபிஎஸ். அன்று இரவு அக்கா வீடியோவில் அரை மணி நேரம் பேசினாள். படம் ஒருமுறைகூட நிற்கவில்லை. பழைய பிளானே தொடர்கிறது.

நீங்களும் பிளானை மாற்றுவதற்கு முன் ரூட்டரின் இடத்தை மாற்றிப் பாருங்கள்.