அறிஞரை நிறுக்கும் தராசு



கொழுந்து நிறுக்கும் நேரத்தை அறியாதார் மலைநாட்டில் இலர். மலையிலிருந்து இறங்கிவரும் பெண்கள் கொழுந்தைத் தராசில் ஏற்ற, கணக்கப்பிள்ளை நிறையைக் கூறிப் பதிந்துகொள்வார். குறித்த நிறை தேறினால் அன்றைக்கு ஒரு பேர், தேறாவிடின் அரைப்பேர். தராசு பொய் கூறுவதில்லை. ஆயினும் மழையில் நனைந்த கொழுந்தும் நிறை காட்டும். முற்றிய இலையும் நிறை காட்டும். இரண்டு இலையும் ஒரு மொட்டுமாகப் பார்த்துக் கிள்ளிய விரலின் நேர்த்தி மட்டும் அத்தராசில் ஏறாது.

இதனை நினைக்கும்படி நேர்ந்தது என் பழைய மாணவர் ஒருவரால். அட்டன் பக்கத்துத் தோட்டமொன்றின் லயத்திற் பிறந்து, இன்று பல்கலைக்கழக விரிவுரையாளராக இருப்பவர். மலைச் சரிவுகளில் மண் அரித்துச் செல்லாமற் காப்பது எவ்வாறு என்பதே அவருடைய ஆராய்ச்சி. பதவி உயர்வுக்கான படிவத்தை என் முன்னே விரித்து, ஒரு கட்டத்தைச் சுட்டிக்காட்டினார். “இதில் நாலு என்று எழுத வேண்டும், சேர். பத்து வருட உழைப்பு நாலா?” என்று கேட்டார். கலைப் பட்டதாரியாகிய எனக்கு அவ்வெண் விளங்கவில்லை. விளங்கிக்கொள்ள முயன்றதன் பயனே இவ்வுரை.

ஓர் ஆராய்ச்சியாளர் கட்டுரை எழுதும்போது, தமக்கு உதவிய முந்திய கட்டுரைகளை அடிக்குறிப்பிலோ இறுதியிலோ குறிப்பிடுவது வழக்கம். ஒருவருடைய கட்டுரையைப் பிறர் எத்தனை முறை அவ்வாறு குறிப்பிட்டுள்ளனர் என எண்ணுவதே இம்முறையின் அடிப்படை. இது தொடங்கியது அறிஞரை நிறுப்பதற்காக அன்று என்பது கவனிக்கத்தக்கது. 1927ஆம் ஆண்டு அமெரிக்காவில் குரோஸ் என்னும் பெயருடைய இருவர், சிறிய கல்லூரி நூலகம் ஒன்று எந்த இரசாயனவியற் சஞ்சிகைகளை வாங்க வேண்டும் என்று அறிய விரும்பினர். ஒரு பெரிய சஞ்சிகையின் முந்திய ஆண்டுத் தொகுதியில் எவை எத்தனை முறை குறிப்பிடப்பட்டுள்ளன என எண்ணிப் பார்த்தனர். சொற்பப் பணத்தை வைத்துக்கொண்டு நூல் வாங்கத் திண்டாடும் எம்போன்ற அதிபர்களுக்கு அவர்கள்மீது இயல்பாகவே அன்பு பிறக்கும்.

நூலக உலகைக் கணக்கியற் கண்ணால் நோக்கியவர்களுள் நம்மவர் ஒருவரும் உண்டு. சீர்காழியிற் பிறந்து, கணித ஆசிரியராக இருந்து, 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரான எஸ். ஆர். ரங்கநாதன், நூலகப் பணிகளை அளவிடுதற்குத் தனியொரு துறை வேண்டும் என 1948இல் இங்கிலாந்தில் நடந்த மாநாடொன்றில் எடுத்துரைத்தார்.

அமெரிக்கரான யூஜின் கார்பீல்ட் 1955இல் ஒரு திட்டத்தை வெளியிட்டு, 1964இல் அறிவியல் மேற்கோட் சுட்டியைப் பதிப்பித்தார். எந்தக் கட்டுரையை யார் யார் பின்னர் எடுத்தாண்டனர் என்பதைத் தேடிக் காண அது உதவிற்று. தேடுவதற்கான கருவி நாளடைவில் நிறுப்பதற்கான கருவியும் ஆயிற்று.

என் மாணவர் காட்டிய எண், கலிபோர்னியாவைச் சேர்ந்த பௌதிகவியலாளர் ஹேர்ஷ் என்பவர் 2005இல் வகுத்தது. அதனை ‘எச் சுட்டெண்’ என்பர். ஒருவருடைய கட்டுரைகளுள் பத்துக் கட்டுரைகள் ஒவ்வொன்றும் பத்து முறைக்குக் குறையாமல் எடுத்தாளப்பட்டு, பதினொன்று அவ்வாறு தேறாவிடின், அவருடைய எண் பத்து. ஒரே கட்டுரை எழுதி, அஃது ஐந்நூறு முறை எடுத்தாளப்பட்டாலும் எண் ஒன்றுதான். பிழையென்று மறுப்பதற்காகக் குறிப்பிட்டாலும் அது கணக்கிற் சேரும். மருத்துவக் கட்டுரைகளில் மேற்கோள்கள் மிகுதி, கணிதத்திற் குறைவு. ஆதலால் ஒரு துறையாரை மற்றத் துறையாரோடு இவ்வெண்ணால் ஒப்பிடுதல் பொருந்தாது.

இனித் தலவாக்கலைக்கு வருவோம். 1925இல் நிறுவப்பெற்ற தேயிலை ஆராய்ச்சி நிலையம் அங்குள்ள சென் கூம்ஸ் தோட்டத்தில் இயங்குகின்றது. தேயிலை இலைகளைப் பின்னிச் சேர்த்து உள்ளிருந்து தின்னும் புழு ஒன்று முற்காலத்தில் தோட்டங்களுக்குப் பெருந்தொல்லை கொடுத்தது. 1935, 1936ஆம் ஆண்டுகளில் யாவாத் தீவிலிருந்து ஒரு சிறு குளவியைக் கொணர்ந்து இங்கே விட்டனர். அப்புழுவின் உடலுக்குள்ளே முட்டையிட்டு அதனை அழிப்பது அக்குளவியின் இயல்பு. குளவி நிலைத்தது, புழு அடங்கிற்று. பின்னர், 1950களில், தேயிலைத் தண்டைத் துளைக்கும் வண்டை ஒழிக்க டீல்ட்ரின் என்னும் நஞ்சைத் தெளித்தபோது குளவிகளும் மடிந்தன. அடங்கியிருந்த புழு மீண்டும் பெருகிற்று. குளவியைக் கொணர்ந்த ஆராய்ச்சியின் செல்வாக்கு எத்தகையது என்பதை அன்றைக்குத் தோட்டங்கள் கண்டன! மேற்கோள்களை எண்ணும் எந்தச் சுட்டியும் அதனை அவ்வளவு தெளிவாகக் காட்டியிராது. இன்றும் அந்தத் தேயிலையிற் கொழுந்து எடுப்போர் பலருக்கு அவ்வாய்வாளரின் பெயர் தெரியாது. தெரிந்தாலும் அவர்கள் அடிக்குறிப்பு எழுதுபவர்கள் அல்லர்.

தமிழாராய்ச்சியில் இக்குறை வேறொரு வடிவெடுக்கின்றது. பேராசிரியர் க. கைலாசபதியின் தமிழ் வீரயுகப் பாடல்கள் பற்றிய ஆங்கில நூல் 1968இல் வெளிவந்தது. ‘தமிழ் நாவல் இலக்கியம்’ என்னும் அவருடைய தமிழ் நூலும் அதே ஆண்டினதே. முன்னது உலகச் சுட்டிகளின் வலையில் அகப்படும். பின்னதைப் படித்துத் தம் எண்ணத்தை மாற்றிக்கொண்ட தமிழ் மாணாக்கர் பலர். ஆனால் அவர்கள் எழுதிய தமிழ்க் கட்டுரைகளுட் பெரும்பாலானவை அவ்வலைக்கு வெளியே நிற்கின்றன.

அறிஞர் உலகம் இதனை உணராமலில்லை. சஞ்சிகையின் பெருமையைக் கொண்டு தனியாளின் ஆய்வை மதிப்பிடலாகாது என 2012இல் சான் பிரான்சிஸ்கோவில் ஒரு பிரகடனம் எழுந்தது. 2015இல் வெளியான லெய்டன் அறிக்கையின் பத்து நெறிகளுள் ஒன்று, அந்தந்த நாட்டுக்கும் ஊருக்கும் பயன்படும் ஆராய்ச்சியின் சிறப்பைக் காக்க வேண்டும் என்பது. எண்ணையே கைவிடுக என்று அவ்வறிக்கை சொல்லவில்லை. அறிந்தோரின் தீர்ப்புக்கு எண் துணையாக நிற்கட்டும் என்கின்றது. எண்ணே இல்லாத காலத்திற் செல்வாக்கும் சிபாரிசுமே தராசாக இருந்ததை நானும் கண்டவன். ஆதலால் எண்ணை முற்றாகப் பழிக்க எனக்கு மனமில்லை.

மாணவரின் பையில் மெல்லியதொரு தமிழ்க் கையேடு இருந்தது. சரிவுகளில் வடிகான் வெட்டும் முறையைத் தோட்டத் தொழிலாளருக்காகப் படங்களுடன் அவர் எழுதியது. அதனைக் குறிப்பிடப் படிவத்தில் இடமில்லை. ‘நாலு’ என்று உள்ளபடியே எழுதி, கையேட்டையும், அதனைப் பின்பற்றி வடிகான் வெட்டிய மூன்று தோட்டங்களின் கடிதங்களையும் தனியே இணைத்து அனுப்புமாறு கூறினேன். அனுப்பியிருக்கிறார். மறுமொழி இன்னும் வரவில்லை.